எல்லாருக்கும் வீசும் காற்று



தூய ஆவியார் பெருவிழாவை அண்மையில் கொண்டாடினோம். திருத்தூதர் பணிகள் நூலின் இரண்டாம் அதிகாரத்தை நம் ஆலயங்களில் வாசிக்கக் கேட்டோம். ஒரு வீட்டில் கூடியிருந்த சீடர்கள்மேல் ஆவியார் இறங்கி வருகிறார். அவர் வருகையின் முதல் அடையாளமாகப் பெருங்காற்றின் ஓசை வீடு முழுவதையும் நிரப்புகிறது.

தென்காசி மாவட்டத்து மக்களாகிய நமக்கு இந்த வாசகம் எளிதில் விளங்கும். பெருவிழாவை ஒட்டிய நாள்களில்தான் நமக்கும் காற்று வருகிறது. தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொட்டதும் ஆரியங்காவுக் கணவாய் திறந்த வாசல்போல் ஆகிவிடுகிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்குகிறது. மழை பெரும்பாலும் மலையோடு நின்றுவிடும். காற்று நிற்பதில்லை. செங்கோட்டை, தென்காசி, சுரண்டை, ஊத்துமலை, ஆலங்குளம் என்று கிழக்கே ஓடிக்கொண்டே இருக்கிறது. பீடி சுற்றும் நம் தாய்மார் மடியில் உள்ள தட்டிலிருந்து தூள் பறந்துவிடாதபடி சன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். வயல்வெளிகளில் நிற்கும் பெரிய காற்றாடிகள் இரவும் பகலும் சுழல்கின்றன. இந்தக் காற்றைப் பற்றி, இறைவார்த்தையின் ஒளியில், இன்று சற்றுச் சிந்திப்போம்.

எபிரேய மொழியில் 'ரூவா' என்ற ஒரே சொல் காற்றையும் மூச்சையும் ஆவியையும் குறிக்கிறது. தமிழிலும் 'ஆவி' என்ற சொல் மூச்சுக்கும் உயிருக்கும் பொதுவாக வழங்குகிறது. தொடக்க நூலின் முதல் அதிகாரத்திலேயே கடவுளின் ஆவி நீர்த்திரளின்மேல் அசைவதைக் காண்கிறோம். யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், இரவில் தேடிவந்த நிக்கதேமுக்கு மறுபிறப்பை விளக்க ஆண்டவர் எடுத்துக்காட்டாகச் சொன்னதும் காற்றைத்தான். அதன் ஓசை நமக்குக் கேட்கிறது. அதன் போக்கோ நம் கட்டளைக்குள் இல்லை.

நிலத்துக்குப் பட்டா உண்டு. கிணற்றில் பங்கு உண்டு. குளத்துத் தண்ணீருக்கு முறை உண்டு. காற்றுக்கு இவை எதுவும் இல்லை. ஏழையின் கூரைமேலும் செல்வந்தரின் மாடிமேலும் அது ஒன்றுபோலவே வீசுகிறது. ஆனால் காற்றைப் பிடிக்கும் கோபுரத்துக்கு உரிமையாளர் உண்டு. இலவசமாக, எல்லாருக்கும் பொதுவாகக் கடவுள் தந்த ஒன்று, கோபுரம் நாட்ட வசதியுள்ளவர் கைக்கு மட்டும் பலன் தருவது முறையா? நம் மனச்சான்றை இன்று தொடவேண்டிய கேள்வி இதுதான்.

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் பணியில் நம் மாநிலம் முன்னோடி. 1986-ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த கடலோரத்தில், முள்ளக்காட்டில், மாதிரிக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. அந்தக் காலத்து இயந்திரம் ஒவ்வொன்றும் நூறு கிலோவாட்டுக்கும் குறைந்த திறனுடையது. இன்று 2,000, 3,000 கிலோவாட் திறனுள்ள காற்றாடிகளைக் காண்கிறோம். பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் காற்றைக்கொண்டு தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. புகையில்லை, சாம்பலில்லை, நிலக்கரி தோண்டவேண்டியதில்லை. அந்த மின்சாரம் பொதுக் கம்பியில் கலந்து நம் கிணற்று மோட்டாரையும் ஓட்டுகிறது. இந்த நன்மைக்காக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனாலும் காற்றாடி நிற்கும் ஊர்களில் வாழும் நமக்கு இன்னொரு பக்கமும் தெரியும். நிலம் விற்ற குடும்பத்துக்கு ஒருமுறை பணம் வந்தது. அது ஒரு திருமணத்திலும் ஒரு கடனிலும் கரைந்தது. காற்றோ ஆண்டுதோறும் வருகிறது. அதன் வருமானம் ஆண்டுதோறும் வெளியே போகிறது. ஊருக்குள் காவல் வேலை ஒன்றிரண்டு பேருக்குக் கிடைத்தது. ஆடு மேய்க்கிறவருடைய பாதை மாறியது. இது எந்தத் தனி மனிதரையும் குறைகூறச் சொல்வதில்லை. லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் நிலத்தைப் பற்றிச் சொல்வதை நினைவில் கொள்ளவே சொல்கிறோம். நிலம் அவருடையது, நாம் அதில் குடியிருக்கிறவர்கள். நிலத்துக்கே இது பொருந்துமானால், அதன் மேலே வீசும் காற்றுக்கு இன்னும் எவ்வளவு பொருந்தும்!

இந்த எண்ணத்தோடு கடற்கரைக்குப் போவோம். நம் மாவட்டத்துக்குக் கடல் இல்லை என்றாலும் கடற்கரை மக்கள் நமக்கு அந்நியர் இல்லை. உவரிக்கும் மணப்பாட்டுக்கும் நேர்ச்சை செலுத்தப் போகிறோம். நம் சந்தையில் விற்கும் மீன் அவர்கள் உழைப்பு.

காற்று அவர்களுக்கு எப்படிப்பட்டது என்பதை ஒக்கி புயல் காட்டியது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், மீனவரான திருத்தூதர் அந்திரேயாவின் விழா நாளில், அந்தப் புயல் குமரிக் கரையைத் தாக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற மீனவ ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த பலர் திரும்பவில்லை. கரையில் ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல நாள்கள் மின்சாரம் இல்லை. கணவன் உயிரோடிருக்கிறாரா என்று அறியக் காத்திருந்த பெண்ணுக்கு, கையிலிருந்த தொலைபேசியில் மின்னூட்டம் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய வேதனை! இந்தியாவிலேயே காற்றாலைகள் மிகுந்த இடங்களில் ஒன்றான முப்பந்தல் இருப்பது அதே மாவட்டத்தில்தான். அங்கே அத்தனை கோபுரங்கள் நிற்க, கரையில் ஒரு தொலைபேசிக்கு மின்னூட்டம் செய்ய வழியில்லாமல் போனது.

அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தில் எலியா ஓரேபு மலையில் நிற்கிறார். பாறைகளைப் பிளக்கும் சுழற்காற்று வீசுகிறது. ஆண்டவர் அதில் இல்லை. நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் இல்லை. அவற்றுக்குப் பின் வந்த மெல்லிய ஒலியில் எலியா அவரை உணர்ந்தார். புயலில் கடவுள் எங்கே இருந்தார் என்று நம்மைக் கேட்கிறவர்களுக்கு நாம் தரக்கூடிய பதில் இதுவே. அழிக்கும் வேகத்தில் அவரைத் தேடவேண்டாம். இருட்டில் ஒரு விளக்கை அணையாமல் காத்தவர்களிடத்தில், அழுதவர்களோடு அமர்ந்திருந்தவர்களிடத்தில் அவர் இருந்தார். அப்படியானால் அந்த விளக்கை அணையாமல் வைப்பது எப்படி என்று யோசிப்பதும் நம்பிக்கை வாழ்வின் ஒரு பகுதியே.

இங்கேதான் சிறு காற்றாலைகளைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. 2016 ஜனவரியில் திருவனந்தபுரத்தில், சகோதரர் இருவர் தொடங்கிய ஓர் இளம் நிறுவனம், ஓர் ஆலயத்தில் சிறு காற்றாடி ஒன்றை முன்னோடி முயற்சியாக நிறுவியது. வீட்டுக்கு ஏற்ற சிறு கருவி, விலை 50,000 ரூபாய்க்குள் என்று அப்போது நாளேடுகள் எழுதின. கேட்டவர்கள் பலருக்கும் ஆர்வம் பிறந்தது. நம் பங்குகளிலும் இளைஞர்கள் கேட்கிறார்கள்: "நம்ம கோவில்லயும் ஒண்ணு வெச்சா என்ன சாமி?" நல்ல கேள்வி. அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் முன், சில உண்மைகளை அறிந்துகொள்வது நல்லது. ஆர்வத்தில் வாங்கி, ஓராண்டில் நின்றுபோய், துருப்பிடித்துத் தொங்கும் ஒரு கருவி நம்பிக்கையின் அடையாளமாக இருக்கமுடியாது.

முதலாவது, காற்றின் கணக்கு. காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால் கிடைக்கக்கூடிய ஆற்றலும் பாதியாகக் குறையும் என்று நினைக்கிறோம். அது எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. எனவே 'இங்கே எப்போதும் காற்றுதான்' என்ற பேச்சை நம்பி இறங்கக்கூடாது. ஓராண்டாவது அளந்து பார்க்கவேண்டும். சென்னை பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. அதன் பரிசோதனை நிலையம் நமக்கு அருகில் கயத்தாற்றில் உள்ளது. தரம் பார்க்கப்பட்ட சிறு காற்றாலைகள் எவை என்று அந்த நிறுவனத்தைக் கேட்கலாம்.

இரண்டாவது, இடம். ஆலயக் கோபுரத்தின் உச்சியில் வைத்தால் நன்றாகச் சுழலும் என்று தோன்றும். கட்டடத்தில் மோதும் காற்று சுழித்துக் கலங்குகிறது; கருவியின் அதிர்வும் சுவருக்கு இறங்குகிறது. தனிக் கம்பம் நட்டு, 150 மீட்டர் சுற்றுவட்டத்தில் உள்ள தென்னை, பனை, கட்டடம் எல்லாவற்றையும்விட 9 மீட்டராவது உயர்த்தவேண்டும் என்பது பொதுவான விதி. புயல் எச்சரிக்கை வந்ததும் சாய்த்து இறக்கிவிடக்கூடிய கம்பமாக இருந்தால் கடற்கரைக்கு நல்லது.

மூன்றாவது, புயல் நேரத்துப் பயன். பொது மின்கம்பியோடு மட்டும் இணைத்த கருவி, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியைச் சரிசெய்ய ஏறும் தொழிலாளியின் உயிரைக் காக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே இருள் சூழ்ந்த நாள்களில் உதவவேண்டுமானால் மின்கலமும், தனித்து இயங்கும் ஏற்பாடும் தேவை. சூரியத் தகடுகளையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. கோடையில் வெயில் கொடுக்கும். சாரல் காலத்தில் மேகம் மூடும்போது காற்று கொடுக்கும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். நம் குடும்பங்களும் அன்பியங்களும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நான்காவது, பராமரிப்பு. உப்புக் காற்று இரும்பைத் தின்னும் என்பதைக் கடற்கரை மக்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. படகு இயந்திரங்களை உப்புநீரில் நாள்தோறும் பழுதுபார்க்கும் இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பயிற்றுவித்தால் வெளியூர்ப் பொறியாளருக்காகக் காத்திருக்கவேண்டாம். கருவியோடு அறிவும் ஊருக்குள் வந்தால்தான் அது ஊரின் கருவி.

இவற்றையெல்லாம் ஏற்றபின்னும் நாம் முதலில் கேட்ட கேள்வி நிற்கிறது: அது யாருடைய கையில்? பங்குத்தந்தை இல்லத்தின் மின்கட்டணத்தைக் குறைப்பதற்கு மட்டும் என்றால், அதைப் பற்றி வானொலியில் பேசவேண்டிய அவசியமில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கையில், மகளிர் குழுவின் கணக்கில், ஊர் முழுவதும் கூடி எடுத்த முடிவில் அது அமையுமானால் அதன் பொருளே வேறு.

இது வெறும் கனவாக நின்றுவிடவில்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006-ஆம் ஆண்டு, தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்துச் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. தங்கள் ஊரில் போதிய காற்று இல்லை என்று கண்டு, உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் அதை நிறுத்தினார்கள். ஊராட்சியின் தேவைக்கு மேல் கிடைத்த மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஓர் ஊராட்சி, ஏழைகள் நிறைந்த ஓர் ஊராட்சி, காற்றாலைக்கு உரிமையாளர் ஆகமுடியும்! காற்று வீசும் நம் ஊர்கள் இதைக் கேட்டுச் சிந்திக்கவேண்டாமா?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' மடலின் 179-ஆம் எண்ணில் இதைத்தான் சுட்டிக்காட்டுகிறார். சில இடங்களில் மக்கள் கூட்டுறவாகச் சேர்ந்து புதுப்பிக்கத்தக்க ஆற்றலை உண்டாக்கி, தங்கள் தேவையைத் தாங்களே நிறைவுசெய்து, மிகுதியை விற்கவும் செய்கிறார்கள் என்று அவர் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். அதே மடலின் 183-ஆம் எண்ணில், ஒரு திட்டத்தைப் பற்றிய கலந்துரையாடலில் அந்த இடத்து மக்களுக்குத் தனி இடம் உண்டு என்கிறார். 2024 ஜூன் 21 அன்று 'சகோதரர் கதிரவன்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு மடல் எழுதி, உரோமைக்கு வெளியே சாந்தா மரியா தி கலேரியாவில் வேளாண்மையோடு இணைந்த சூரிய மின்நிலையம் அமைக்கப் பணித்தார். வத்திக்கான் வானொலியின் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கும் இடம் அது. அந்த வானொலி நிலையத்துக்கும் வத்திக்கான் நகர் முழுவதற்கும் அங்கிருந்து மின்சாரம் தருவதே நோக்கம். திருஅவை பிறருக்குச் சொல்வதைத் தானும் செய்யவேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

தனி இடம் உண்டு என்ற அந்தச் சொல் கடற்கரைக்கு இப்போது மிகவும் தேவை. கடலுக்குள்ளேயே காற்றாலைகள் அமைக்கும் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 ஜூனில் 7,453 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. குஜராத், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களின் கரைக்கு அப்பால் தலா 500 மெகாவாட் என்பது திட்டம். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். புவி சூடாவதைத் தடுக்கவும் வேண்டும். அதே நேரத்தில், ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்வளம் பெருகட்டும் என்று படகைக் கரையில் கட்டிவைத்துப் பொறுமை காக்கும் மீனவர், தம் வலை விரிக்கும் இடம் என்ன ஆகும் என்று கேட்பது நியாயமான கேள்வி. அவருக்கு விடை சொன்னபிறகு தூண் நாட்டுவதே நீதி. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்ட ஆகாபு அரசனுக்கும் ஒரு திட்டம் இருந்தது. நாபோத்தின் மறுப்பை மதிக்க மனமில்லாததே அந்த அரண்மனையின் பாவமாயிற்று.

அன்புக்குரியவர்களே, இந்த வாரம் நம் அன்பியக் கூட்டங்களில் மூன்று காரியங்களைப் பேசுவோம். நிலத்தைக் காற்றாலைக்குக் கேட்டு யாராவது வந்தால், முன்பணத்தை வாங்குமுன் ஒப்பந்தத்தைக் குடும்பத்தில் எல்லாரும், பெண்களும் சேர்ந்து, வாசிப்போம். விற்பதா, குத்தகைக்குக் கொடுப்பதா என்று அறிந்தவரிடம் கேட்போம். அடுத்து, நம் பங்கில் சூரியத் தகடோ சிறு காற்றாடியோ அமைக்க எண்ணினால், புயலிலும் வெள்ளத்திலும் ஊர் மக்கள், எந்தச் சமயத்தவரானாலும், வந்து தொலைபேசிக்கு மின்னூட்டம் செய்யவும், நோயாளியின் மருந்தைக் குளிரில் வைக்கவும் ஆலய வளாகம் திறந்திருக்குமா என்பதை முதல் தீர்மானமாக எழுதுவோம். கடைசியாக, கிராம சபைக் கூட்டத்துக்குப் போவோம். ஓடந்துறையைப் பற்றி அங்கே எழுந்து பேசுவோம்.

சிறியது எதற்கு உதவும் என்ற தயக்கம் நமக்கு வரலாம். ஐந்து வாற்கோதுமை அப்பங்களைக் கண்டு அந்திரேயாவுக்கும் அதே தயக்கம் வந்தது. அந்த அப்பங்கள் ஆண்டவர் கைக்குப் போய், அங்கிருந்து எல்லார் கைக்கும் போனபோது மிச்சமும் இருந்தது. சிறுவன் தன் மடியில் ஒளித்து வைத்திருந்தால் அவன் ஒருவன் மட்டுமே பசியாறியிருப்பான்.

மன்றாடுவோம். காற்றையும் கடலையும் படைத்த ஆண்டவரே, எல்லாருக்கும் நீர் தந்ததை எல்லாருக்கும் பகிரும் மனத்தை எங்களுக்குத் தாரும். கடலில் உழைப்போரைக் காத்தருளும். புயலில் மாண்டவர்களுக்கு உம் ஒளியையும், அவர்களுக்காக இன்றும் காத்திருப்போருக்கு உம் ஆறுதலையும் தாரும். உம் தூய ஆவியாரின் மூச்சு எங்கள் ஊர்களின்மேல் வீசுவதாக. ஆமென்.